இந்த வீட்டில் ஆண் இல்லை

முதல் புருஷன் செத்தபோது லாம்டுவன் அக்காவுக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே எங்கள் நோங் சேங் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதவைப் பேய் தூக்கத்தில் ஆண்களை எடுத்துக்கொண்டு போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பேய்க்கு வழிகாட்ட வீட்டுக்குள் ஒருத்தி வேண்டுமல்லவா?

"கடலுக்கு அந்தாண்ட இருந்தவனையே இங்க உக்காந்தபடி தின்னுட்டா. பக்கத்துல படுக்கிறவன் கதி என்னாவும்?" என்று சாவு வீட்டிலேயே பேசிச் சிரித்தார்கள்.

ஏழு வருடம் தனியாக இருந்தாள். பிறகு தவின் வந்தான். அவளைவிட ஆறு வயது சின்னவன், நல்ல உழைப்பாளி. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். தவினுடைய அம்மா புவாலாய் கல்யாணத்துக்கு வரவில்லை. தெருமுனையில் நின்று, "எம்புள்ளைய நான் அனுப்பல. அவளா கூப்ட்டுக்கிட்டா. எழுதி வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருவரும் சேர்ந்து கரும்பு வெட்டப் போனார்கள். குளிர்காலம் முழுக்க, விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை வெட்டு. வீடு திரும்பியதும் அக்கா அவனுக்கு வைக்கிற சோற்றின்மேல் ஊரே கண் வைக்கும். ஒரு கூடைப் பசையரிசிச் சோறு, சுட்ட மீன், மேலே வாழைப்பழம் வைத்து இலையில் அவித்த இனிப்பு உருண்டை நாலு. முதல் புருஷன் அயலூரில் என்ன தின்றானோ என்ற குறை அவளுக்குள் கிடந்தது. "எம் வீட்டு ஆம்பள இனிமே வயிறு காஞ்சு படுக்க மாட்டான்," என்பாள்.

இரண்டாவது வருடம் தவின் மெலியத் தொடங்கினான். இரண்டு ஆள் சோறு தின்றான், ஆனாலும் விலா எலும்பு தெரிந்தது. மார்கழிக் குளிரில் போர்வை இல்லாமல் படுத்தான், வேர்த்தான். அரிவாள் பிடித்த கை நடுங்கியது. கண்கள் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டன.

"உள்ள இருந்து திங்கிறா," என்றது ஊர். "திங்கிற சோறெல்லாம் அவனுக்கா போவுது?"

தை மாதத்தில் ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. செத்துப் போகவில்லை. கண் திறந்திருந்தது, பேசினான். இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரிக் கிடந்தன.

"லாம்டுவன், என் காலு எங்க?" என்று கேட்டானாம்.

அக்கா போர்வையைத் தூக்கிக் காட்டினாள். "இங்கதான இருக்கு."

"தொடுறது தெரியுது. தூக்க முடியல."

அரை மணி நேரத்தில் தெரு கூடிவிட்டது. ஒருவரும் அவன் காலைத் தொடவில்லை. நேராக வாசலுக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மூங்கிலில் ஒரு சிவப்புச் சட்டையை மாட்டினார்கள். அடியில் மரத்தில் செதுக்கிய ஆண்குறி ஒன்றைக் கட்டினார்கள், பேய் ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. ஒரு பலகையில் 'இந்த வீட்டில் ஆண் இல்லை' என்று பெரிதாக எழுதி வேலியில் தொங்கவிட்டார்கள். பேய் பெண்ணென்று நினைக்கட்டும் என்று தவினுக்கு உதட்டுச்சாயம் பூசி, நகத்துக்குச் சிவப்பு வைத்தார்கள். அவன் வெட்கப்பட்டு அழுதான். எழுந்து உள்ளே போகக்கூட ஆள் வேண்டியிருந்தது.

மதியம் வெயில் ஏறியபோது கட்டைவிரல் அசைந்தது. பிறகு முழங்கால். மூன்று மணிக்கு அவனே எழுந்து கொல்லைக்குப் போய் வந்தான். லாம்டுவன் அக்கா அதோடு விடவில்லை. அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வட்டார மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள். அங்கேதான் நான் வேலை பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். பட்டமளிப்புப் படத்தை அம்மா வாசல் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். படித்தது இயன்முறை மருத்துவம். ஊரில் அதற்கு வேறு பெயர். "நாலு வருஷம் படிச்சு காலு அமுக்கவா கத்துக்கிட்ட?" என்பார்கள்.

தசையின் பலத்தை நாங்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை அளப்போம். துடிப்பே இல்லாவிட்டால் பூஜ்யம். தோலுக்கடியில் லேசாகத் துடித்தால் ஒன்று. படுக்கையோடு இழுபட்டு நகர்ந்தால் இரண்டு. தன் கனத்தைத் தானே தூக்கினால் மூன்று. நான் கொஞ்சம் அமுக்கியும் நின்றால் நான்கு. முழுபலத்தோடு அமுக்கியும் அசையாமல் நின்றால் ஐந்து. தவினின் தொடை ஐந்து. முழங்கால் ஐந்து. கணுக்கால் ஐந்து. வெற்றிலைக் கறை மாதிரி உதட்டில் சாயம் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கை நடுங்குவதைப் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்தேன். 'பலவீனம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. அலுப்பா இருக்கும்."

"அலுப்புல காலு போவுமா தம்பி?"

"இப்ப நல்லாத்தான இருக்காரு?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது என்பது அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் ஒன்றுமில்லையென்றால் மிச்சம் இருப்பது பேய்தானே?

அடுத்த வாரம் புவாலாய் அக்கா வீட்டுக்கே வந்து மகனுக்கு உயிர் அழைக்கும் சடங்கு வைத்தாள். உடம்பை விட்டு அலைகிற உயிரைத் திரும்பக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி உட்கார வைப்பது. உயிர் திரும்ப வேண்டுமென்றால் அதற்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். வாழையிலைக் கோபுரம், அவித்த முட்டை, பசையரிசி உருண்டை, தேங்காய்ப்பால் இனிப்பு, அரிசிச் சாராயம், சிவப்புக் கலர் சோடா. மந்திரம் முடிந்ததும் அதையெல்லாம் நோயாளிதான் தின்ன வேண்டும். ஆளாளுக்கு நூல் கட்டி, ஆளாளுக்கு ஓர் உருண்டை ஊட்டினார்கள். அக்காவும் ஊட்டினாள்.

விடிந்தபோது அவன் மறுபடி கட்டையாகக் கிடந்தான்.

இந்தமுறை புவாலாய் ஊசி போடுகிற ஆளைக் கூப்பிட்டு வந்தாள். அவன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், பலமில்லாதவர்களுக்கு பாட்டில் ஏற்றுகிறவன். வீட்டுத் தூணில் ஆணி அடித்து சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டான். "ஒரு பாட்டில் போனா குதிச்சு எழுவாரு," என்றான். பாதி பாட்டில் இறங்குவதற்குள் தவினின் கைகளும் விழுந்தன. மூச்சு மேலே மேலே நின்றது. பேச்சு முனகலாகப் போய்விட்டது.

"ஊசிய எடு," என்றாள் அக்கா.

"பாதில எடுத்தா பலிக்காது," என்றான் அவன்.

"ஏண்டி, எம்புள்ள பொழைக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று புவாலாய் கத்தினாள்.

அக்கா ஊசியைத் தானே பிடுங்கினாள். தவினைப் பாயோடு இழுத்துப் படியில் இறக்கினாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. பேய் தன் இரையை இழுத்துக்கொண்டு போகிறது என்று ஒதுங்கி நின்றார்கள். கரும்பு ஏற்றும் எஞ்சின் வண்டியில் அவனைப் போட்டு, பதினெட்டு கிலோமீட்டர் அவளே ஓட்டி வந்தாள்.

அன்றைக்குத்தான் நோயை நோயின் நேரத்திலேயே பார்த்தேன். தொடையைத் தூக்கச் சொன்னேன், தோல் மட்டும் துடித்தது. ஒன்று. கணுக்கால் இரண்டு. தோள் இரண்டு, விரல்கள் மூன்று. முழங்காலில் சுத்தியலால் தட்டினேன், கால் எகிறவில்லை. ஆனால் ஊசிமுனையால் குத்திய இடத்தையெல்லாம் சரியாகச் சொன்னான். வாய் கோணவில்லை. நரம்பு அறுபட்டால் இப்படி இருக்காது, மூளையில் அடைப்பு என்றால் ஒரு பக்கம்தான் போகும். இது தசைக்குள் நடக்கிற காரியம். டாக்டரம்மா ஓடிவந்து இதயத் துடிப்பின் படத்தை எடுத்தார், இரத்தம் அனுப்பினார். இரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். அவனுக்கு ஒன்று புள்ளி எட்டு.

"நேத்து சாயங்காலம் என்ன சாப்ட்டாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அக்கா சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள், பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் இருவருக்கும் விளக்கினார். கழுத்திலிருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. மெலிவு, வேர்வை, நடுக்கம் எல்லாம் அதனால்தான். அப்படிப்பட்டவர்கள் கடுமையாக உழைத்துவிட்டு, வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாராயமும் ஏற்றிப் படுத்தால், இரத்தத்திலிருக்கிற அந்த உப்பு தசைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். தசை கட்டையாகிவிடும். இன்னும் இறங்கினால் இதயம் நின்றுபோகும். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவது நெருப்பில் எண்ணெய்.

"அப்ப நான் வச்ச சோறா?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா உப்பு மருந்தைக் கலக்கச் சொன்னார். கசப்பு மருந்து. அக்காவே கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள், அளவு மீறாமல், மணி பார்த்து. சாயங்காலம் தொடை மூன்றுக்கு வந்தது. மறுநாள் காலையில் ஐந்து.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்க ஊர்க்காரங்க. நல்லா புரிய வையுங்க. தைராய்டு மாத்திரை வேலை செய்ய ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் திரும்ப வரலாம். படபடப்பு மாத்திரைய நிறுத்தக் கூடாது. இனிப்பு, சாராயம், வயிறு முட்டச் சோறு கூடாது."

எனக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் தொல்லை.

தவின் சொந்தக் காலில் நடந்து ஊருக்குள் நுழைந்தபோது, ஊர்த்தலைவர் என்னைக் கூப்பிட்டு ஒலிபெருக்கி முன்னால் உட்கார வைத்தார். தினம் காலையில் ஊருக்குச் செய்தி சொல்கிற ஒலிபெருக்கி. அதில் பேசுகிற முதல் பட்டதாரி. கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். தைராய்டு என்றேன், பொட்டாசியம் என்றேன், லாம்டுவன் அக்கா இல்லாவிட்டால் தவின் செத்திருப்பான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மருந்து கொடுத்தாச்சு. இனிமேல் இது வராது. வந்தால் என் பட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்," என்றும் சொன்னேன். இரண்டு மாதக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையில், சொன்னால் கைதட்ட மாட்டார்கள்.

அக்கா வாசலில் நின்று கேட்டாளாம். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் கையால் ஒரு கிண்ணம் இடித்த பப்பாளிக்காய் வாங்கித் தின்றாள். அதை அக்காவே என்னிடம் சொன்னாள். "உப்பும் உறைப்புமா இடிச்சுக் குடுத்தேன் தம்பி. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்குனா." அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். இந்த ஊரில், தன் வீட்டில், மனுஷியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் வந்தது. தவின் அம்மா வீட்டுப் பக்கம் போனவன், அங்கே வைத்த இனிப்பையும் சாராயத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து படுத்தான். கையைச் சோர வைக்கிறது என்று படபடப்பு மாத்திரையையும் நிறுத்தியிருந்தான். காலையில் கால் விழுந்தது. மதியமே எழுந்துவிட்டான், ஆனால் அதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிட்டது.

"எங்கப்பா அந்தப் பட்டம்? கத்திரிக்கோல் கொண்டாந்திருக்கோம்."

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அக்கா வீட்டுக்கு ஓடிப் போய், கூடியிருந்தவர்களிடம் இரண்டு மாதக் கணக்கைச் சொன்னேன். புவாலாய் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். "அப்ப அன்னைக்கு மைக்குல சொன்னது யாரு, பேயா?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை தாளை மடித்துச் செருகினாளே, அதே பார்வை.

அன்றே புவாலாய் மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாத்திரைப் பொட்டலத்தை அக்காதான் அவன் பையில் வைத்தாள். "காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. படபடப்புக்கு உள்ள சின்னத மறக்காத. சோறு கம்மியா தின்னு."

"அம்மா சொல்றாங்க, கொஞ்ச நாளைக்குத்தான்னு..." என்றான் தவின்.

"மாத்திரைய மறக்காத," என்றாள் மறுபடி.

அவன் மறக்கவில்லை. மருந்து தன் கணக்குப்படி வேலை செய்தது. ஏழாவது வாரம் நடுக்கம் நின்றது, எட்டாவது வாரம் சதை பிடித்தது. அதற்குப் பிறகு கால் விழவே இல்லை. நாள் பார்த்து வைத்தது போல, அக்காவின் வீட்டை விட்டு அவன் போன பிறகு குணமாகிவிட்டான். இதைவிட ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

மருத்துவமனைக்கு அவன் கடைசியாக வந்தபோது நான் கேட்டேன். "மாத்திரைதான் சரி பண்ணுச்சுன்னு நீங்களாவது ஊருல சொல்லுங்கண்ணே."

"மாத்திரை நல்ல மாத்திரைதான் தம்பி. ஆனா அந்த வீட்ல இருந்து போட்டப்ப வேலை செய்யல பாத்தியா?" என்றான். கெட்டவன் இல்லை. நம்பித்தான் சொன்னான். தொடையை அமுக்கிப் பார்த்தேன். ஐந்து.

அடுத்த குளிர்காலத்தில் அக்காவோடு ஜோடி சேர்ந்து கரும்பு வெட்ட ஒருவரும் வரவில்லை. காட்டுக் கீரையும் குளத்து நத்தையும் பொறுக்கி அடுத்த ஊர்ச் சந்தையில் விற்றாள். எங்கள் ஊரில் ஒருவரும் வாங்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை ஊர்த்தலைவரின் மருமகன் பைரோத் படுக்கையில் கட்டையாகக் கிடந்தான். முதல் நாள் அறுவடை முடித்த விருந்து. அவனும் மெலிந்திருந்தான், அவன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி விதவை இல்லை பாருங்கள். வீட்டில் சிவப்புக் கலர் சோடாவை உடைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு லாம்டுவன் அக்கா ஓடி வந்தாள். ஒரு வருடமாக எவர் வீட்டுப் படியும் ஏறாதவள், யாரையும் கேட்காமல் ஏறி அந்த பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"இனிப்பு குடுக்காதீங்க! செத்துருவான்! சோறும் குடுக்காதீங்க, தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

அவள் போட்ட கூச்சலில்தான் தூக்கினார்கள். அவனுக்கு ஒன்று புள்ளி ஆறு. இன்னும் ஒரு பாட்டில் உள்ளே போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. நானே நோயாளியின் தாளில் 'முதலுதவி: லாம்டுவன்' என்று எழுதினேன். ஊர்த்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"அந்தப் பேர அடிச்சுடுப்பா."

"அவங்கதான் காப்பாத்துனாங்க ஐயா."

"அதான் கேக்கறேன். ஊருல ஒருத்தருக்கும் தெரியாதது அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? பேய எறக்கத் தெரிஞ்சவளுக்கு ஏத்தத் தெரியாதா?"

தைராய்டு என்றேன். பொட்டாசியம் என்றேன். "இன்னொரு தடவ மைக்குல சொல்றியா?" என்று கேட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

பெயரை அடிக்கவில்லை. அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. மறுநாள் அவள் கூரை மேல் கல் விழுந்தது. அதற்கு அடுத்த நாள் ஊர்த்தலைவரே வந்து, "கொஞ்ச நாள் வெளியூர்ல எங்கியாவது இருந்துட்டு வாம்மா," என்று மரியாதையாகச் சொன்னார். இரண்டு மூட்டையோடு அவள் பஸ்ஸுக்கு நின்றபோது நான் போனேன்.

"பைரோத் எழுந்துட்டானா தம்பி?"

"எழுந்துட்டாருக்கா."

"எத்தன?"

"அஞ்சு."

"தவினு?"

"அவரும் அஞ்சுதான்."

"எல்லாரும் நடக்குறாங்க," என்றாள். "நானும் நடக்கறேன்."

"அக்கா, அன்னைக்கு மைக்குல நான்..."

"பஸ்ஸு வருது, தள்ளி நில்லு."

ஒரு மாதம்வரை வீட்டை யாரும் தொடவில்லை. பிறகு ஒருவன் மரப் படிக்கட்டை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். பேய் குடியிருந்த வீடு என்றவர்கள் தேக்குப் பலகையில் பேய் இருக்கிறது என்று சொல்லவில்லை. வேலியில் தொங்கிய பலகையை மட்டும், எழுத்து இருந்ததால், விட்டுவைத்தார்கள்.

கடைசியாகச் சுவரைப் பிரிக்க வந்தவன் தவின். அம்மா வீட்டு அடுக்களைக்கு மறைப்பு வேண்டுமாம். முன்பு சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் தொங்கிய தூணில் கால் ஊன்றி, கடப்பாரையால் நெம்பினான். துருப்பிடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டு வெளியே வந்தன. தெருவில் நின்று பார்த்தேன். தோள், முழங்கை, பிடி, தொடை. எல்லாம் ஐந்து.